நான் ஒட்டிக் கெடுத்த வயலின்

ஓய்வுபெற்ற கையோடு என் மனைவிக்கு வயலின் கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் வரக்கூடிய மற்ற வியாதிகளை நினைத்துப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன். போன வாரம் ஆன்லைனில் வயலின் வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்தால் மரத்தின் வாசனை இல்லை, புதுச் செருப்பின் வாசனை. உள்ளே ஒரு துண்டுச்சீட்டு. இந்தக் கருவியில் விலங்குப் பொருள் எதுவுமே கிடையாதாம், ஒட்டிய பசைகூடச் செயற்கைப் பசைதானாம். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சீட்டை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஏனென்றால் நண்பரே, இந்தப் புரட்சியை நான் எப்போதோ செய்து முடித்துவிட்டேன், அதுவும் ஸ்ரீரங்கத்தில்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. தச்சுப் பட்டறைகளுக்கு வெள்ளைப் பசை விற்கும் ஒரு கம்பெனியின் பிரதிநிதி. கத்திரி வெயிலில் டை கட்டிக்கொண்டு அரியமங்கலத்து மரத்தூளுக்குள் மொபெட்டில் திரிகிற ஒரே ஜீவன். "மரம் உடைஞ்சாலும் உடையும், ஒட்டு விடாது" என்று கம்பெனி சொல்லிக் கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். அதைக் கேட்டுச் சொக்கிப்போகாத ஒரே மனிதர் காதர் பாய்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனில், சின்னக்கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய வயலின் ரிப்பேர் கடை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற வஜ்ரம் என்கிற பசை அங்கே அடுப்பில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். நாலு கடை தள்ளி நிற்கும்போதே மூக்கு வழி சொல்லிவிடும். ஒன்றரை வருஷம் அவருடைய வாசலில் டப்பாவோடு நின்றேன். ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

"உங்க பசை நல்லா ஒட்டும் தம்பி. எனக்கு விடவும் தெரிஞ்ச பசை வேணும். வயலினைத் தொறந்துதானே வைத்தியம் பாக்கணும்? வஜ்ரம்னா கத்தியச் சுட வச்சு விட்டா வழி விடும். வெயில்ல மரம் சுருங்குனா ஒட்டு விட்டுக்குடுக்கும், பலகை பொழச்சிக்கும்."

வாங்க மனசில்லாதவன் சொல்கிற சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். டை கட்டியவனுக்கு இது கூடவா தெரியாது?

பாய்க்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இருபது வருஷமாக ஊரார் வயலின்களைத் திறந்து மூடியவர், முழுசாக ஒன்றைத் தானே செய்ததில்லை. கேட்டவர் யாருமில்லை. அதற்கென்று ஒரு பலகையை மட்டும் துணியில் சுற்றி வைத்திருந்தார். கண்டோன்மெண்டில் ஏலத்துக்கு வந்த உடைந்த பியானோ ஒன்றிலிருந்து எடுத்தது. அதை விரலால் சுண்டிவிட்டு "கேக்குதா?" என்பார். எனக்குக் கதவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். "ஆஹா" என்பேன். விற்பனைப் பிரதிநிதி வேறு என்ன சொல்வான்?

நான் குடியிருந்தது வடக்கு உத்தர வீதியில் ஒரு மாடி அறை. கீழே வேதவல்லி மாமி பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பாள். மாமியின் கை சின்னது, வீட்டிலிருந்த ஜெர்மன் வயலினின் கழுத்து பெரியது. பாயைப் பற்றி நான்தான் சொன்னேன். மறுநாளே ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிக் கடைக்கு வந்து, பலகையைச் சுண்டிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். "இதுலயே பண்ணுங்கோ பாய்" என்றாள். பாய் அன்றைக்குச் சந்து முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் மாமா கேட்டார். ரயில்வேயில் ரிடையர் ஆனவர். சாஸ்திரத்தையும் டைம்டேபிள் மாதிரியே படிப்பவர். "எதைப் போட்டு ஒட்டுவாராம்?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வஜ்ரத்தை விலாவாரியாக விளக்கினேன்.

"சிவ சிவா" என்று சொல்ல முடியாத வீடு என்பதால் காதை மட்டும் பொத்திக்கொண்டார். "எம்பெருமானுக்கு முன்னால வாசிக்கற வாத்தியம்! நம்மாத்துக்குள்ள அது வரப்படாது."

"அந்த ஜெர்மன் வயலினை மட்டும் எதுல ஒட்டினாளாம்?" என்றாள் மாமி.

"அது அங்கேர்ந்து வந்தது. நமக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் தோஷமில்லை."

"மிருதங்கத்துல இருக்கறது தோல்தானே?"

"அது சம்பிரதாயம்."

"வில்லுல குதிரை முடி?"

"முடி வேற, தோல் வேற." சுப்ரீம் கோர்ட்டில்கூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புகள் வராது. மாமியின் முகம் வாடியது. நான் எழுந்து நின்று, "மாமா, எங்க கம்பெனி பசை இருக்கு. சுத்தம்" என்றேன். மாமா என்னைக் கருடாழ்வாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பாயிடம் சொன்னபோது அடுப்பிலிருந்த வஜ்ரத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார். "வஜ்ரம்தான்னு சொன்னா ஆர்டர் போயிடுமா தம்பி?"

"போயிடும் பாய்."

கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். அன்றைய ரிப்போர்ட்டில் 'புதிய வாடிக்கையாளர்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இரண்டு கோடு.

ஐப்பசி மழையில் வயலின் தயாரானது. மாமி அதன் தலையைக் காலில் சாய்த்துக்கொண்டு முதல் ஷட்ஜத்தை இழுத்தபோது, சங்கீதம் தெரியாத எனக்கே கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது. பாய் வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொல்லி மாமி கூப்பிட்டும் வரவில்லை, அங்கேயே நின்று கேட்டார். மார்கழியில் இரண்டு வயலின் வாத்தியார்கள் "யார் பண்ணது?" என்று விசாரித்தார்கள். பாய் பழைய பியானோ எங்கேயாவது ஏலத்துக்கு வருமா என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார். மாமாகூட "உள்ளூர்ச் சரக்குன்னே தெரியலை" என்று பாராட்டினார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கத்திரி வந்தது. ஒரு மத்தியானம் மூடிய பெட்டிக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். திறந்தால், மேல்பலகையில் ஓட்டையிலிருந்து அடிவரை நீளமாக ஒரு வெடிப்பு. மழையில் ஒட்டிய பலகை வெயிலில் சுருங்கியிருக்கிறது. ஒட்டு விட்டுக்கொடுக்கவில்லை, மரம் வெடித்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். பாய் கத்தியைச் சுட வைத்து ஓரமாக விட்டுப் பார்த்தார். தண்ணீர் தொட்டுப் பார்த்தார். கடைசியில் கொஞ்சம் அழுத்தினார். பியானோப் பலகை மூன்று துண்டாகக் கையோடு வந்தது. கம்பெனி பொய் சொல்லவில்லை.

மாமாவும் மாமியும் கடைக்கு வந்தார்கள். "என்ன பாய் இது?" என்றார் மாமா.

"மரம் சரியில்லைங்க. என் தப்புதான்."

நான் அங்கேயேதான் நின்றேன். பசை நான் கொடுத்தது என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஜெர்மனிலேர்ந்தே வாங்கியிருக்கணும்" என்றார் மாமா. மாமி துண்டுகளைப் புடவைத் தலைப்பில் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு வாத்தியார்களும் மெட்ராஸுக்குப் போய் வாங்கிக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து, டையெல்லாம் விட்ட பிறகு, பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "நீங்க பசை விக்கிறவரு, வித்தீங்க. ஆகாதுன்னு தெரிஞ்சே ஒட்டுனவன் நான்தானே? ஆசை தம்பி." அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை.

இப்போது பாய் இல்லை. கடையிருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். உத்தர வீதி வீடு அடுக்குமாடி ஆகிவிட்டது, மாமியும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வயலினைக் காதால் கேட்டவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நான்தான். போன மார்கழியில் ஒரு கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். "சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு பாய் இருந்தார் சார். ரிப்பேர் பிரமாதமா பண்ணுவார். ஆனா புதுசா ஒண்ணு செய்ய மட்டும் தெரியாது, பாவம்."

செய்தார், நான் கேட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"ஆமா சார்" என்றேன்.