ஐயாயிரம் வாட் மாப்பிள்ளை

என் தங்கையின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, உலகத்தை வெறும் உச்சந்தலைகளாகவே பார்த்துப் பழகியவர். என் தலையில் வழுக்கை விழுந்ததை என் மனைவி கவனிப்பதற்கு முன்பே அவர் கவனித்தார். ஊருக்கும் அவர்தான் சொன்னார்.

கிரேன்காரர்களுக்கு ஒரு வேதம் உண்டு. ஐந்து டன் தூக்க வேண்டுமென்றால் பத்து டன் கிரேனைக் கொண்டு வா. துறைமுகத்தில் அது சரி. மனிதர் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் கல்யாணப் பந்திக்கு ஆகும் குக்கர். செருப்பு வாங்கினால் ஒரு அளவு பெரிது. "இனிமேலா கால் வளரப்போகுது?" என்று கேட்டால், "வீங்கினா?" என்பார்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கினார். இரண்டு மாதம் ஊர் சுற்றிவிட்டு, தொலைவில் இருக்கும் மகள் வீட்டில் போய் நிற்பது திட்டம். என் தங்கைக்குச் சர்க்கரை. இரண்டு மாதத்துக்கான இன்சுலினும் அந்த ஃப்ரிட்ஜில்தான் போக வேண்டும். பேட்டரியின் மின்சாரத்தை ஃப்ரிட்ஜுக்கு ஏற்றபடி மாற்றித்தர இன்வெர்ட்டர் வேண்டும் என்று என்னையும் கடைக்கு இழுத்துப் போனார்.

"என்னென்ன ஓடணும் சார்?" என்றார் கடைக்காரர்.

"ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ், கெட்டில், ஃபேன்."

"எல்லாம் ஒரே நேரத்துலயா?"

"ஏன், ஓடக்கூடாதா?"

வலிய வந்து மாட்டும் மீனுக்குத் தூண்டில்காரன் நீச்சல் சொல்லித்தர மாட்டான். கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய இன்வெர்ட்டர் பெட்டியின் தூசியைத் தட்டி மேசைமேல் வைத்தார். ஐயாயிரம் வாட். "இதுதான் ஆம்பளை!" என்று மாப்பிள்ளை அதைத் தடவிக் கொடுத்தார்.

வீட்டில் தங்கை மட்டும் மசியவில்லை. "மருந்தை வெச்சு நான் சூதாட மாட்டேன். ஃப்ரிட்ஜுல தண்ணி பாட்டில் வைக்கிறேன். வண்டி ஒரு நாள் முழுக்க நின்ன இடத்துலயே நிக்கட்டும். அப்பவும் தண்ணி சில்லுனு இருந்தா வர்றேன். இல்லேன்னா வண்டியை வித்துடுங்க."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்த காலமெல்லாம் அவர் கண்ட ஒரே கனவு, பக்கத்து இருக்கையில் அவளை வைத்துக்கொண்டு ஓட்டுவது. அந்தப் பெட்டியில் பக்கத்து இருக்கையே கிடையாது.

மறுநாள் காலை இன்வெர்ட்டர் பசித்த குழந்தையாகக் கத்திக்கொண்டிருந்தது. பேட்டரி காலி. பாட்டில் தண்ணீர் குளிக்கும் பதத்தில் இருந்தது. இத்தனைக்கும் ஃப்ரிட்ஜைத் தவிர வேறு எதையும் ஓட்டவே இல்லை.

மாப்பிள்ளை முதலில் பேட்டரியைத் திட்டினார். பிறகு ஃப்ரிட்ஜை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கண்ணு வெச்சிட்டீங்க மச்சான்."

தங்கை பெட்டியோடு வந்த குறிப்புத் தாளை எடுத்துப் படித்தாள். "இங்க பாருங்க. ஒண்ணுமே ஓடலைன்னாலும் இந்த மிஷின் அறுபது வாட் சாப்பிடுமாம். என் ஃப்ரிட்ஜுக்குச் சராசரியா முப்பது போதும். வேலை செய்றவளைவிடச் சும்மா உட்கார்ந்திருக்கறது ரெண்டு மடங்கு தின்னிருக்கு. உங்க தம்பி மாதிரி."

"சும்மா நிக்கிற கிரேன் எதுவும் தின்னாதும்மா."

"கிரேனை நிறுத்திட்டு வீட்டுக்கு வந்துடுவீங்க. ஃப்ரிட்ஜ் ஓடணும்னா இதை நிறுத்த முடியுமா? மிக்ஸி, இஸ்திரி, மைக்ரோவேவ் எல்லாத்தையும் ஒண்ணா போட எனக்கு எத்தனை கைன்னு நினைச்சீங்க?"

மாப்பிள்ளை அவளுடைய கைகளைப் பார்த்தார். இரண்டுதான்.

அன்றே கணக்கை மாற்றினார்கள். இஸ்திரி வேண்டாம், சுருங்கின சட்டையோடு போனால் மகள் கதவைச் சாத்திவிட மாட்டாள். மைக்ரோவேவும் கெட்டிலும் வேண்டாம். ஃப்ரிட்ஜ் எப்போதும், மிக்ஸி எப்போதாவது. ஆனால் ஃப்ரிட்ஜ் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடி, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதற்கு இடம் விட வேண்டும் என்று தெரிந்ததும் மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. "பார்த்தியா? என் வேதம் பொய் இல்லை!"

"பொய் இல்லை. நீங்கதான் ரொம்ப பக்தி."

கடைக்காரர் கசப்பு மருந்து குடித்த முகத்தோடு ஆயிரம் வாட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். சும்மா இருக்கும்போது இது தின்பது கொஞ்சம்தான். வீட்டு மின்சாரத்தைப் போலவே சீராகத் தரும் வகை; மட்டமான வகையில் மோட்டார் உறுமும். பேட்டரியை நிரப்பி மறுபடி சோதனை. அடுத்த நாள் காலை தங்கை பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பல் கூசியது. உள்ளே போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள். மாப்பிள்ளை வண்டியின் மறுபக்கம் போய், துடைத்த கண்ணாடியையே இன்னொரு தரம் துடைத்தார்.

கிளம்பும் நேரத்தில் ஆசை யாரை விட்டது? யாருக்கும் தெரியாமல் கெட்டிலைச் செருகினார். அது ஒன்றே ஆயிரத்தைந்நூறு வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் ஒரு கத்து கத்திவிட்டு அணைந்தது. ஃப்ரிட்ஜும் நின்றது.

தங்கை முன் இருக்கையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டீயா, நானா?"

மாப்பிள்ளை யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. அவள் கை கதவுப் பிடிக்குப் போனது.

"கேஸ் அடுப்புலயே போட்டுக்கறேன்மா!" என்று அலறியபடி கெட்டிலை ஜன்னல் வழியே என் கையில் திணித்தார். இன்வெர்ட்டரை மறுபடி போட்டு, ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பும்வரை அவளுடைய திட்டு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.