ஒன்பதாம் பெட்டியின் எண்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இன்று என் ஹேச்சரியில் வாரத்துக்கு லட்சம் குஞ்சு பொரிக்கிறது என்றால் அது என் ஒருவன் உழைப்பு. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. ஆனால் இங்கே எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை; என்னிடம் பதினோரு வருடம் வேலை பார்த்த மஞ்சுளாவைப் பற்றி.

வாழப்பாடிப் பக்கம் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன புருஷன் திரும்பவில்லை. முட்டை அடுக்கத்தான் சேர்த்தேன். மூன்றே வருடத்தில் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்தாள். ஆளைப் பார்த்ததும் தரம் சொல்லிவிடுவேன் நான். அவளைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் சூட்டைப் பார்க்க ஒரு கன்ட்ரோலர். எல்லாம் ஒயர் வழியாகக் கன்ட்ரோல் அறைத் திரைக்குச் சேதி அனுப்பும். சூடு ஏறினால் அங்கே மணி அடிக்கும். வழியில் தவறிப்போன சேதி எத்தனை என்று திரைக்குள் ஒரு எண் தானாக ஏறிக்கொண்டிருக்கும். எர்ரர் கவுண்டர் என்பார்கள். அதைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் மஞ்சுளா.

போன ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, ஒம்பதாம் பெட்டில எண்ணு ஏறுதுங்க. நேத்து நாலு, இன்னிக்கு முப்பது. சேலத்து இஞ்சினியர வரச் சொல்லுங்க."

"குஞ்சு பொரிக்குதா?"

"பொரிக்குதுங்க."

"அப்பறம் என்ன? பூசை முடியட்டும். நீ எண்ணிப் பாத்தாத்தான் முட்டை பொரிக்குமா?"

"நீங்க சத்தம் போட்டாலே பொரிச்சுருமுங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் ஒன்பதாம் பெட்டியின் காற்றாடி நின்று உள்ளே சூடு ஏறிவிட்டது. இரண்டு மணிக்கு நான் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே பத்தாயிரம் முட்டையும் வெந்து கிடந்தன. பாதிக் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தி மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி செத்திருந்தன. கன்ட்ரோல் அறையில் மஞ்சுளா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கிட்டயா?"

"இல்லீங்கய்யா. மணி அடிக்கவே இல்லீங்க."

"அடிச்சிருக்கும். உனக்குக் கேட்டிருக்காது."

"சேதி வரலீன்னா எண்ணு ஏறியிருக்குமுங்க. தொறந்து பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

நான் பார்க்கவில்லை. எனக்கு இவள் சொல்லித்தருவதா என்று இருந்தது. எல்லோர் முன்னாலும் அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.

எங்கள் ஹேச்சரியில் ஒரு வழக்கம் உண்டு, நான் ஏற்படுத்தியது. ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது உள்ளே ஏறியிருக்கிற எண்களை எல்லாம் சைபராக்கிவிட வேண்டும். பழைய தப்போடு ஒரு மெஷினும் சாமி முன்னால் நிற்கக் கூடாது. என்னைப் பார்த்து நாலு ஹேச்சரிக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். வருடா வருடம் மஞ்சுளா செய்வாள். இந்தத் தடவை மெக்கானிக் கைலாசம் செய்தான். ஒன்பதை விட்டுவிடாதே என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்.

பூஜை கழிந்து இஞ்சினியர் பிரபாகர் வந்தார். ஒன்பதாம் பெட்டியின் ஒயர் முனையைக் கழற்றிக் காட்டினார். கிருமி சாகப் போடும் மருந்துப் புகை பட்டுப் பச்சை பூத்திருந்தது.

"இதுல சேதி விட்டு விட்டுத்தாங்க போயிருக்கும்."

"அன்னிக்கு மத்தியானம் போச்சுங்களா, போகலீங்களா?"

"கவுண்டரப் பாத்தாத் தெரிஞ்சிருக்கும். சைபரா இருக்கே, யாருங்க அழிச்சது?"

கைலாசம் என்னைப் பார்த்தான்.

மஞ்சுளாவுக்கு வேறு எந்த ஹேச்சரியிலும் வேலை கிடைக்கவில்லை. தூங்கிக் குஞ்சை வேகவைத்தவள் என்கிற பேர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இளம்பிள்ளையில் அக்கா வீட்டில் தறிக்கு நூல் சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆளை அனுப்பிக் கூப்பிட்டே பழகியவன் நான். அன்றைக்கு நானே போனேன்.

நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி நூல் சுற்றும் ராட்டையில் உட்கார்ந்தாள்.

"நீ தூங்கலைன்னு தெரிஞ்சு போச்சு சாமி. நாளைக்கே வேலைக்கு வா."

"அந்த எண்ணப் பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பூசைக்கு அழிச்சுட்டோம்."

ராட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்லாரும் தூங்கிட்டேன்னு சொல்லிச் சொல்லி, கண்ணு அசந்துட்டனோன்னு எனக்கே சில நாள் சந்தேகமா வருதுங்கய்யா. அந்த எண்ணு இருந்திருந்தா நானாவது பாத்திருப்பேன்."

வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வரவும் இல்லை.

பார்க்கிற ஹேச்சரிக்காரர்களிடமெல்லாம் அவள் தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வட்டாரத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் இதற்கு மட்டும், "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்கிறார்கள்.