பவுடர் போட்ட கடிதம்

கல்லூரி அலுவலகத்தில் என் மகள் கடிதத்தை நீட்டியபோது குப்பென்று சந்தனப் பவுடர் வாசனை அடித்தது. மீன் விற்ற கையோடு நான் கையெழுத்துப் போட்ட கடிதம் அது. இனி ஃபீஸ் கட்ட முடியாது, அரசுக் கல்லூரிக்கு மாறப்போகிறோம், டி.சி. கொடுங்கள் என்று எழுதியிருந்தோம். எனக்குத் தெரியாமல் அதற்குப் பவுடர் போட்டிருக்கிறாள்.

அவளுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. என் அம்மாவும் இதைத்தான் செய்தாள். காசிமேட்டில் மீன் விற்று வந்த நோட்டுகளைப் பாயில் பரப்பி, நானும் அவளும் பவுடர் தூவித் துடைப்போம். அப்புறம்தான் என் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டப் போவாள். அங்கிருந்த கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு அந்த மீன் நாத்தமே தேவலாம்மா" என்பார். அம்மா சிரிப்பாள். அவர் மூக்கை விட்டுவிட்டு, விரலில் எச்சில் தொட்டு ஒரு நோட்டு விடாமல் எண்ணிக்கொள்வார்.

இந்தக் கல்லூரி கிளார்க் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்து மேசையில் போட்டார். "மீதி ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டுங்க. அப்பதான் டி.சி."

"படிக்காத வருசத்துக்கு இன்னாத்துக்கு சார் துட்டு?"

"ரூல்ஸ்மா."

என் மகள் சிரித்தாள். அம்மா சிரித்த அதே சிரிப்பு. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளை வெளியே இழுத்து வந்தேன்.

"இவனுங்க கிட்ட சிரிக்காதடீ. பவுடரும் போடாத. நாளைக்கு மார்க்கெட்லேர்ந்து கை கய்வாம, மீன் கூடையோட நேரா வரேன். டி.சி. குடுக்கற வரைக்கும் அவன் டேபிளாண்டதான் குந்திகினு இருப்பேன்."