பள்ளிவாசலுக்குக் கொண்டுபோன கதிரை

வாப்பாவின்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மவுத்தாகி மண்ணுக்குப் போனவரோடு கோபம் வைக்கக் கூடாது என்று உம்மா சொல்லுவார். சரி, வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அலுவிகாரையில் வீதியோரம் வாப்பாவுக்கு மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற சின்னக் கடை. நாற்பது வருடமாகச் சாக்கு மூட்டைகளைத் தன் முதுகிலேயே ஏற்றி இறக்கியவர். கூடமாட உதவ வேறு ஆளில்லை. என் ஒரே அண்ணன், நான் நானா என்று கூப்பிடுகிறவர், கொழும்பில் இஞ்ஜினியர் படிப்புக்கு எடுபட்டுப் போயிருந்தார். நாலு வருடத்தில் ஒன்று முடிந்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வாப்பா ஒரு காலை இழுத்து நடக்கத் தொடங்கினார். காத்துப் பிடிப்பு என்று உம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துப் பார்த்தார். கேட்கவில்லை. கடைசியில் கண்டியில் ஒரு டாக்டரிடம் போனபோது வாப்பா என்னையும் கூட்டிப் போனார். பாசத்தில் அல்ல. ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்துச் சோதிக்கும் யுத்த காலம் அது. பிள்ளையோடு வருகிற ஆளிடம் கேள்வி குறைவு.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரித் தட்டுகள் இருக்கின்றனவாம். வயது போகப் போக அவை காய்ந்து சப்பையாகிவிடுமாம். வாப்பாவுக்கு அடியில் இரண்டு தட்டுகள் சப்பையாகி, ஓரத்தில் எலும்பு முளைத்து, காலுக்குப் போகிற நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. தேய்ந்ததைப் பழையபடி ஆக்க மருந்தில்லை, ஆனால் முடங்கவும் தேவையில்லை என்றார். படுத்தே கிடக்காமல் நடக்க வேண்டும். பயிற்சி செய்ய வேண்டும். வலி அடங்கும்வரை கதிரையில் உட்கார்ந்துதான் தொழ வேண்டும். மூட்டை தூக்கவே கூடாது. கால் மேலும் விறைத்தால் ஒப்பரேஷன்.

வாப்பா ஒன்றுதான் கேட்டார். "இன்னும் மூனு வருஷம் தூக்க ஏலுமெண்டா போதும் டாக்டர். அதுக்கு ஒரு மருந்து தாங்களேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் என்னிடம் சத்தியம் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும், "ஒன்டுமில்ல, சதைப் பிடிப்பாம்" என்று உம்மாவிடம் பச்சைப் பொய் சொன்னார். பொய் சொன்னதற்கு என்னைப் பிரம்பால் அடித்த அதே மனிதர். பயிற்சிகளை டாக்டர் படம் போட்டுக் கொடுத்த தாள் தராசுக்கு அடியில் போனது. மறுநாளே மூட்டையைத் தூக்கினார். பின்னாலேயே போய்த் தடுத்தேன்.

"ஒனக்கு வேற வேலயில்லயா? போய் ஓது" என்றார்.

தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கச் சுஜூதுக்குக் குனிந்தால், கையை ஊன்றி ஊன்றித்தான் எழும்புவார். பள்ளிவாசலில் பின்மூலைக் கதிரைகளில் கிழவர்கள் உட்கார்ந்து தொழுவார்கள். அவர்களோடு சேர வெட்கம், வேறென்ன என்று நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை வீட்டில் சுபஹு தொழுகையில் எழும்ப முடியாமல் பக்கவாட்டில் சரிந்தார். உம்மா குசினியில் இருந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். "சொல்லிராத" என்றார்.

அன்று நடுப்பகல் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பெண்பிள்ளைகள் அங்கே போவதில்லை. வாப்பா சுவரைப் பிடித்தபடி தொழுகைக்காகக் கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தனை ஆண்களுக்கும் நடுவில் கதிரையை வைத்துவிட்டு, தட்டு, நரம்பு, ஒப்பரேஷன் என்று டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். வாப்பா பொய் சொன்னதையும் சேர்த்துத்தான்.

மவுலவி வந்து கதிரையைத் தன் கையால் எடுத்தார். "ஏலாதவங்க உக்காந்து தொழலாம். வாங்க முதலாளி."

வாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். நான் வென்றுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. உம்மா அழுதுகொண்டே பக்கத்துக் கடைப் போனில் நானாவுக்குச் சொன்னார்.

வாப்பாவுக்கு ஒப்பரேஷன் தேவைப்படவில்லை. பயிற்சி செய்து, எழுபது தாண்டியும் நடந்தே திரிந்தார். நானாதான் இன்றைக்கும் அந்தக் கடையில் மூட்டை தூக்குகிறார். இப்போது அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார். எதற்கு அந்த மூன்று வருடம் என்று வாப்பா எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூட்டையின் மறுமுனையை நான் பிடித்திருப்பேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானா பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஓடிப்போய் அவருடைய பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

"நான்தான் எல்லாருக்கும் சொன்ன" என்றேன்.

"நல்ல வேல செஞ்ச" என்று என் தலையைத் தடவினார்.

பெட்டி பாரமாக இருந்தது. வழக்கமாக இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகிறவர் எல்லாப் புத்தகங்களையும் ஏன் கொண்டுவருகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.