தாடிக்காலத்து வார்

எங்கள் சித்தப்பாவுக்கு என் நினைவில் இரண்டு முகங்கள். ஒன்று தாடி உள்ள முகம், மற்றொன்று தாடி இல்லாத முகம். தாடி வளர்ந்தால் சின்னம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மழை வந்தால் குடை என்பதுபோல் தானாகத் தெரிந்துகொண்ட விஷயம்.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்குக் கிழக்கே தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்புப் படித்த அந்த வருடம் சித்தப்பாவுக்கு வளர்ந்தது மூன்றாவது தாடி. முந்தைய இரண்டு தாடிகளும் போனபோது வீட்டுக்குக் குழந்தை எதுவும் வரவில்லை. அப்போது நான் சிறுசு. எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது தடவை எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். இன்று யோசித்தால் அந்த வருடத்தைப் பற்றி முதலில் நினைவுக்கு வருவது அந்தக் களைப்புதான். யாரும் பெயர் யோசிக்கவில்லை. வளையல் போடும் பேச்சை எடுக்கவில்லை. அம்மா சின்னம்மாவுக்குக் கஷாயம் கொண்டுபோய் வைப்பாள், குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாள், டம்ளரை வாங்கிக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குள் சண்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சித்தப்பா மட்டும் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் இருந்தவர் அவர். அங்கிருந்து ஒரு மடக்குச் சவரக்கத்தி வாங்கி வந்திருந்தார். ஊரில் மற்ற ஆண்கள் வாரத்துக்கு ஒரு நாள் நாவிதருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார, இவர் தானே கண்ணாடி பார்த்து மழித்துக்கொள்வார். அப்பாவுக்கு அது பெரிய கேலி. துரை கிளம்பிவிட்டார் என்பார். அந்தக் கத்தியைத் தீட்டுவதற்கு ஒரு தோல்வார் இருந்தது. ஜன்னல் கம்பியில் மாட்டி, ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் கத்தியை மேலும் கீழும் புரட்டுவார். சளப், சளப் என்று வரும் அந்தச் சத்தத்துக்காகவே நான் சீக்கிரம் எழுந்துகொள்வேன். போன தாடிக்காலத்தில் வார் சும்மா தொங்கியதால் எலி பாதியைத் தின்றுவிட்டது. அதனால் புது வார் செய்யப் போவதாகச் சொன்னார். இந்தத் தடவை தொங்கவிடும் வார் இல்லை, பலகையில் ஒட்டிய வார். கோயமுத்தூரில் அப்படி ஒன்று பார்த்தாராம்.

தோலுக்கு அவர் கடைக்குப் போகவில்லை. மோட்டார் வருவதற்கு முன் எங்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தார்கள். தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தைத்திருந்த நீளமான தோல்வால் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் விழும். கரண்டு வந்ததும் அதெல்லாம் மாட்டுச்சாளையின் மூலைக்குப் போய்விட்டது. சித்தப்பா அந்தத் தோல்வாலை எடுத்துப் பிளந்தார். வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் காய்ந்த எருமைத்தோல், பலகைக்குச் சமமாக விறைத்துக் கிடந்தது. தொட்டியில் ஊறப்போட்டார். உடைந்த கண்ணாடிச் சில்லால் உள்பக்கத்தைச் சுரண்டினார். ஆணி அடித்து இழுத்து நிழலில் காயவைத்தார். காய்ந்ததும் விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டு உருண்டைக் கல்லால் தேய்த்தார். நாற்றம் சகிக்காது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தேய்க்க எனக்கும் ஒரு கல் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன், இரண்டு தேய்ப்பில் கை வலித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

பலகைக்கு, கூரைக்கடியில் இருந்த அட்டத்தில் ஏறி ஒரு பலாப்பலகையை இறக்கினார். இழைத்து முடித்த நல்ல பலகை, ஓரத்தில் துளைகூடப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத எதுக்குங் தம்பி எறக்குனீங்க?"

"சும்மாதானுங்க அண்ணி கெடக்குது" என்றார் சித்தப்பா.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு பலகைக்கு எதற்கு இவ்வளவு என்றுதான் எனக்குத் தோன்றியது. முதல் தாடியின்போது சித்தப்பா தொட்டில் செய்ய இழைத்து வைத்த பலகை அது என்பதும், பிறக்கும் முன்பே பிள்ளைக்கு எதையும் செய்து வைக்கக்கூடாது என்று அன்றைக்கு எல்லோரும் அவரைக் கோபித்தார்கள் என்பதும் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவை. இந்தத் தடவை அவர் பிள்ளைக்காக ஒரு துரும்பும் கிள்ளவில்லை. தனக்காகச் செய்தார். பிள்ளை பிறந்த அன்றைக்குத் தன் முகத்துக்குத் தேவைப்படும் ஒரு சாமானைச் செய்தார். அதில் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்?

ஒட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பாலக்காட்டுக் கடைத்தெருவிலிருந்து வச்சிரம் வாங்கி வந்தார். அந்தப் பசையை உருக்க ஆரம்பித்ததும் அம்மா டப்பாவோடு அவரை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டாள். வாசலில் கல்லைக் கூட்டி உருக்கிப் பூசித் தோலை ஒட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவைத்தார். அது இடவப்பாதி மழைக்காலம். ஈரக்காற்றில் வச்சிரம் பிடிக்கவில்லை. கல்லை எடுத்தால் தோலின் ஒரு முனை மெதுவாக எழுந்துகொள்ளும். சுரண்டிவிட்டு மறுபடி உருக்குவார். மறுபடி முனை எழும். சின்னம்மா கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சொன்னாள்:

"நீங்க ஒட்ட ஒட்ட அது எந்திரிச்சுக்குது. போதுமுங்க, விட்டுருங்க."

சித்தப்பா மறுபடி வச்சிரத்தை உருக்கினார். வெயில் அடித்த ஒரு பகலில் கடைசியாக அது பிடித்துக்கொண்டது. ஓரங்களைச் செதுக்கிக் கைப்பிடி வைத்து முடித்தபோது சந்தனக்கட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் உள்ளங்கையால் தோலை நீவிக்கொண்டே இருப்பார். கைச்சூட்டில்தான் அது பதப்படுமாம். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்திலெல்லாம் மடியில் அது இருந்தது. கத்தியை எடுங்கள், தீட்டிக் காட்டுங்கள் என்று நான் நச்சரித்தேன்.

"உன்ற சின்னம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நல்லபடியா வரட்டும் கண்ணு. அன்னைக்கு உன்ற முன்னாலதான் தீட்டுவேன்" என்றார்.

அந்த வாக்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாப்பா வருவதைவிட எனக்கு அந்தச் சத்தம் வருவதுதான் முக்கியம்.

சின்னம்மாவைப் பாலக்காட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கொண்டுபோனார்கள். சித்தப்பா கூடவே போய்விட்டார். வாரை எலிக்கு எட்டாதபடி சுவரில் உயரமாக மாட்டிவிட்டுத்தான் போனார். அடுத்த சில நாட்கள் அப்பா வயலுக்கும் போகாமல் வீட்டிலும் உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் நின்று சித்தப்பா இறங்கினார். முகத்தில் தாடி இல்லை. மாதக்கணக்கில் வெயில் படாத கன்னமும் தாடையும் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. எனக்கு ஒரு நிமிடம் ஆள் அடையாளம் தெரியவில்லை, அடுத்த நிமிடம் எல்லாம் தெரிந்துவிட்டது. தாடி போய்விட்டதென்றால் பாப்பா வந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. வரப்பில் விழுந்தடித்து ஓடி, அடுப்படியில் நுழைந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டேன். பிள்ளை பிறந்தால் எங்கள் பக்கத்தில் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் போனேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களின் கையில் போட்டேன். அவர்கள் மண்ணைத் தட்டிவிட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது சித்தப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா தூணோரம் நின்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். யாரும் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அதை அவர்கள் முந்தைய இரண்டு தடவையும் செலவழித்துவிட்டார்கள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

என் பின்னாலேயே பக்கத்துத் தோட்டத்து அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி, சிரித்த முகமாக வந்துவிட்டாள்.

"ஏனுங் தம்பி, பையனா புள்ளயா?"

அம்மா நிமிர்ந்தாள். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கேட்காமல் சர்க்கரை எடுத்ததற்கு அடி விழப்போகிறது என்று நான் பின்வாங்கினேன்.

"பையனுங்க" என்றார் சித்தப்பா.

பொய் இல்லை. பையன்தான். உயிரில்லாமல் பிறந்திருந்தான். ஆற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டு, இனிமேல் தாடிக்கு வேலை இல்லையென்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏதோ ஒரு கடையில் முகத்தைக் கொடுத்துவிட்டு அவர் வந்திருக்கிறார். சின்னம்மா பல நாள் கழித்து வெறும் கையோடு காரிலிருந்து இறங்கியபோதுதான் எனக்கு இதில் பாதியாவது விளங்கியது. சித்தப்பா அப்படிச் சொன்னதும் அம்மா அத்தையின் கையைப் பிடித்துச் சாளைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் இதுதான் சமயமென்று சித்தப்பாவின் உள்ளங்கையில் சர்க்கரையைக் கொட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு இன்னொரு குறை பாக்கி இருந்தது. இத்தனை மாதம் செய்த வாரைத் தொடாமல் எங்கேயோ போய் மழித்துக்கொண்டு வந்துவிட்டீர்களே, என் முன்னால் தீட்டுவேன் என்று சொன்னீர்களே என்று அழ ஆரம்பித்தேன். அப்பா என்னை அதட்டினார். சித்தப்பா அவரைக் கையமர்த்தினார். எழுந்து உள்ளே போய் வாரையும் கத்தியையும் எடுத்து வந்தார். வாரை முழங்காலில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கத்தியை விரித்தார்.

நல்ல வார்தான் அது. பழையதைவிடச் சத்தம் கனமாக வந்தது. மேலே ஒரு தரம், புரட்டிக் கீழே ஒரு தரம். அவர் நிறுத்தவே இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டேன். அம்மா சாளையிலிருந்து வந்து நின்றாள். அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. இருட்டிவிட்டது, விளக்கேற்ற வேண்டுமே என்றுகூட யாரும் அசையவில்லை. ஒரு முடிகூட மிச்சமில்லாத முகத்தை வைத்துக்கொண்டு இவர் எதற்காகக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சத்தம் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தீட்டுங்கள் என்று சொன்னேன். அவரும் தீட்டினார்.