கதவைத் தொட்டால் மானியம் கிடைக்குமா?

கேட்காமலே கிடைப்பது ஆசீர்வாதம். கேட்டும் கிடைக்காதது அரசு மானியம். இரண்டையும் ஒரே மண்டபத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சமீபத்தில் அமைந்தது.

விருதுநகரில் ஓர் ஏசி மண்டபம். புதுமையான தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு ஆரம்பக்கட்ட மானியம் தருகிறார்கள் என்று வாசலில் பேனர். பேனரில் பெரிதாக ஒரு ராக்கெட். எங்கள் பக்கத்தில் ராக்கெட் என்றால் காலி பாட்டிலில் நிறுத்திக் கொளுத்துவது. இது அதுவல்ல... 'வளர்ச்சி'யாம். ஒரு கோட்டுக்காரர் எனக்கு விளக்கினார்.

எனக்கு அங்கே என்ன வேலை? சாத்தூரில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள் முத்துமாரி. எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண். ஒருநாள் காலையில் வந்து, "மாமா, வாராவாரம் பத்திரிகைல எழுதுறீக. எனக்கு ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தர மாட்டீகளா?" என்றாள்.

ரெண்டு பக்கம் என்று நம்பி உட்கார்ந்தேன். உங்கள் தொலைநோக்கு என்ன? உங்கள் சந்தையின் பரப்பு என்ன? உங்கள் பொருள் உலகை எப்படி மாற்றும்? விண்ணப்பம் கேட்டுக்கொண்டே போனது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை.

முத்துமாரிக்கு உலகை மாற்றும் உத்தேசம் கிடையாது. அச்சங்குளத்தில் ஒரே ஓர் அறையை மாற்றினால் போதும் அவளுக்கு. அந்த அறையில்தான் அவள் அம்மா குருவம்மா வேலை பார்க்கிறார்.

பட்டாசு ஆலையை நாங்கள் 'ஆபீஸ்' என்போம். வெடிக்கிற ரசாயனப் பொடியை 'மருந்து' என்போம். குருவம்மா, அந்த ஆபீஸில் மருந்து கலக்குகிறவர். வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்க வேண்டிய வேலை. காற்று உலர்ந்துவிட்டால் உடம்பில் மின்சாரம் சேரும். கார் கதவைத் தொட்டதும் சுள்ளென்று விரலைக் கடிக்குமே, அதே சமாசாரம்தான். நமக்கு அது ஒரு 'ஸ்ஸ்'. மருந்து அறையில் அந்தப் பொறி ஒன்று போதும், அறையே இருக்காது.

அதனால்தான் அங்கே செருப்பில்லை, நைலான் துணியில்லை, தலையில் ஹேர்பின்கூட இல்லை. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் உள்ளே நுழைகிறபோது. நுழைந்து வேலை பார்க்கிற நேரத்தில் காற்று உலர்ந்தால்? யாருக்குத் தெரியும்! அதற்குத்தான் முத்துமாரி ஒரு டப்பா செய்திருக்கிறாள். டிபன் பாக்ஸ் அளவு. காற்றின் ஈரத்தையும் அறையில் சேரும் மின்சாரத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் வெளியே மணி அடிக்கும், உள்ளே இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். அவ்வளவுதான் தொழில்நுட்பம். அதைச் செய்வதற்கான சாமான்கள் எல்லாம் அம்மா மருந்து கலக்கிய கூலியில் வாங்கியவை.

ஆபீஸ் முதலாளி நல்ல மனிதர். "மாட்டணும்னு எனக்கும் ஆசதாம்மா. ஆனா சான்றிதழ் இல்லாத கரண்டுச் சாமானை மருந்து ரூம்ல மாட்டுனா லைசென்ஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டார். அது நியாயம். டப்பாவே பொறி கிளப்பாது என்று ஒரு சோதனைக்கூடம் சொல்ல வேண்டுமல்லவா? அந்தச் சோதனைக்கு ஆகும் செலவைத்தான் முத்துமாரி மானியமாகக் கேட்டாள். தீபாவளி சீசன் வேகம் பிடிப்பதற்குள் டப்பா சுவரில் ஏறிவிட வேண்டும். அவளுக்கு இருந்த அவசரம் அது ஒன்றுதான்.

நேர்முகத்துக்கு 'பயனாளி ஒருவரையும் அழைத்து வரலாம்' என்று போட்டிருந்தார்கள். பயனாளியாகக் குருவம்மா வந்தார். லீவு போட்டுவிட்டு, இருக்கன்குடி கோயிலுக்குப் போகும்போது கட்டும் சேலையில்.

மண்டப வாசலில் செருப்பைக் கழற்றினார். எஃகுக் கதவு நிலையில் உள்ளங்கையைப் பதித்துத் தொட்டார். பிறகுதான் உள்ளே வந்தார்.

அது அவர் பழக்கம். பேங்க், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை... எந்த வாசலாக இருந்தாலும் முதலில் கை இரும்பைத் தேடும். எங்கள் பக்கத்து மருந்து அறைப் பெண்களைக் கவனித்துப் பாருங்கள், பஸ்ஸில்கூடக் கம்பியைத் தொட்டபிறகுதான் ஏறுவார்கள்.

நிபுணர் குழுத் தலைவர் இதைப் பார்த்துவிட்டார். முகம் அப்படியே கனிந்தது. எழுந்தே நின்றுவிட்டார்.

"பார்த்தீங்களா... இதுதான் நம்ம கல்ச்சர்! இந்த இடத்தையே கோயிலா நினைச்சுத் தொட்டுக் கும்பிட்டு வர்றாங்க" என்றார். வலது கையை உயர்த்தி, "நல்லா இருங்கம்மா" என்று ஆசீர்வாதமும் செய்தார். அரங்கத்தில் கைதட்டல். போட்டோக்காரர் ஓடி வந்து, "அம்மா, இன்னொரு தடவை தொடுங்க, லைட் சரியா விழல" என்றார்.

குருவம்மா திரும்பிப் போய்த் தொட்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, இங்கனயும் மருந்து வச்சிருக்காகளா? எதுக்கு ரெண்டு தடவ தொடச் சொல்றாக?"

முத்துமாரி மைக்கைப் பிடித்து, "சார், அவங்க கும்பிடலை. கையில இருக்கிற மின்சாரத்தை இறக்குனாங்க. என் டப்பாவே அதைப் பத்தினதுதான்" என்று ஆரம்பித்தாள். அதைவிட நல்ல செயல்முறை விளக்கம் யாருக்கு வாய்க்கும்? காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் தலைவர், "ஸ்டோரி ரொம்ப நல்லா இருக்கும்மா. பிசினஸுக்கு வாங்க" என்றார்.

பிசினஸுக்கு வந்தார்கள்.

"இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே இருக்கு?"

"இல்லைங்க சார். தேவைப்படலை."

"மொபைல் ஆப்?"

"மருந்து ரூமுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதுங்க சார். போனே ஆபத்து."

"அதுக்கு ஏதாவது மாற்று வழி யோசிக்கலாமே" என்றார் மூன்றாவது நாற்காலிக்காரர். எதற்கு மாற்று வழி? ஆபத்துக்கா, விதிக்கா? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். பார்வையாளர்கள் பேசக் கூடாதாம்.

அடுத்த கேள்விதான் கேள்வி. "களத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தீங்களா?"

"சான்றிதழ் இல்லாம மாட்ட முடியாதுங்க சார். அந்தச் சான்றிதழுக்குத்தான் மானியம் கேக்குறேன்."

"களத்தில் ஓடாத பொருளுக்கு எப்படிம்மா மானியம் தர்றது?"

சான்றிதழ் வாங்கப் பணம். பணம் வாங்கக் களச்சோதனை. களச்சோதனைக்குச் சான்றிதழ். செக்குமாடுகூடச் சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் கொஞ்சம் எண்ணெய் வரும். இவர்கள் சுற்றியதில் காபி, பிஸ்கட், மினி சமோசா மட்டும்தான் வந்தது.

இறுதியில் பெரிய மனது பண்ணினார்கள். சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொழிலாளி மருந்து அறைக்குள் அந்த டப்பாவோடு வேலை செய்வதை மூன்று நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து, எடுத்த இடம் எது என்று வீடியோவிலேயே பதிவாகிற மாதிரி, பத்து நாளுக்குள் ஏற்ற வேண்டும்.

மருந்து அறைக்குள். செல்போனில்!

வெளியே வந்ததும் மென்டார் என்று அட்டை மாட்டிய இளைஞர் ஒருவர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். வழிகாட்டுவதுதான் அவர் உத்தியோகமாம். "சிம்பிள் மேடம். யாருக்கும் தெரியாம ஒரு தடவை உள்ளே போய் எடுத்துட்டு வந்துருங்க. மூணு நிமிஷம்தானே?" என்று வழிகாட்டினார்.

முத்துமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மூணு நிமிஷமும் உள்ள எங்கம்மா இருப்பாங்க சார்" என்றாள்.

நான் என் பங்குக்கு, எங்கள் வீட்டு மோட்டார் ரூமில் கோலப்பொடியை வைத்து எடுத்துவிடலாமே என்றேன். "இடம் காட்டிக் குடுத்துரும் மாமா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பொய்யா எடுத்தா, நாளைக்கு டப்பாவையும் பொய்யுன்னுதான் சொல்லுவாக" என்றாள். வீடியோ போகவில்லை. 'உரிய இணைப்பு இல்லை' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

சரி, மானியம் யாருக்குப் போனது?

வெளியூரிலிருந்து வந்த மூன்று இளைஞர்களுக்கு. அவர்கள் கண்டுபிடித்தது ஒரு செல்போன் செயலி. பட்டாசுத் தொழிலாளி எதிரில் போனை நிறுத்தி வைக்க வேண்டும். கேமரா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். களைத்துப் போனால் முதலாளிக்கு மெசேஜ் போகும். செயற்கை நுண்ணறிவு உண்டு, ஆப் உண்டு, இங்கிலீஷில் பெயர் உண்டு. வீடியோவும் இருந்தது. எங்கோ ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில், பேப்பர் ரோலுக்கு முன்னால் ஒருவரை உட்கார வைத்து எடுத்தது! நிபுணர் குழுவில் ஒருவருக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் பேப்பர் ரோலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மூவரும் கதவளவு காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தொடக்க விழாவை எங்கே வைத்தார்கள் என்கிறீர்கள்? அச்சங்குளத்தில். குருவம்மா வேலை பார்க்கும் அதே ஆபீஸில். சென்ற வியாழக்கிழமை. எழுதுகிறவன் என்பதால் எனக்கும் அழைப்பு.

கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டினார். "போனையெல்லாம் இங்கன வச்சிட்டு உள்ள போங்க."

"இது சேஃப்டி ஆப்புங்க" என்றார் நிபுணர் குழுத் தலைவர்.

"அப்படியா சார்? சரி. இங்கன வச்சிட்டுப் போங்க."

முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவரும் கையைப் பிசைந்தபடி அதையேதான் சொன்னார். மருந்து அறைக்காகச் செய்த செயலி, மருந்து அறையிலிருந்து ஒரு ஃபர்லாங் தள்ளி, வாட்ச்மேன் ரூம் ஸ்டூலில் தொடங்கி வைக்கப்பட்டது. குத்துவிளக்கு? தீப்பெட்டியை எடுத்தவர் கையை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். விளக்கும் எரியவில்லை. சோதனைக்கு வேறு முகம் கிடைக்காமல் வாட்ச்மேன் முகத்தையே காட்டினார்கள். அவர் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு மாற்று ஆள் வராமல் நின்றுகொண்டிருந்தவர். 'தொழிலாளி மிகவும் களைத்திருக்கிறார்' என்று செயலி சொல்லிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். அவரை வீட்டுக்கு அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

விருந்தினருக்கு ஆளுக்கொரு வழவழப்பான கையேடு கொடுத்தார்கள். பிரித்தால், மூன்றாம் பக்கத்தில் குருவம்மா! கதவு நிலையைத் தொட்டபடி நிற்கிறார். கீழே, 'நம் பண்பாட்டோடு கைகோக்கும் புதுமை' என்று வாசகம். டப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. மானியம் மறுக்கப்பட்ட பெண்ணின் அம்மாவை, மானியத்தின் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையேட்டைச் சுருட்டி எறிந்திருப்பேன், ஆபீஸ் வளாகத்தில் குப்பை போடக் கூடாது என்று எழுதியிருந்ததால் விட்டேன்.

முன்பெல்லாம் அரசாங்கத்திடம் ஏதாவது கேட்டால், 'இல்லை' என்று ஒரு குமாஸ்தா சொல்வார். திட்டிவிட்டு வரலாம். இப்போது அதே 'இல்லை'யைச் சொல்ல ஐந்து நிபுணர்கள், ஒரு மென்டார், ஏசி மண்டபம், மினி சமோசா. புதுமை என்கிறார்களே... அது இதுதானோ?

மருந்து அறை வேலை முடிந்து குருவம்மா வெளியே வந்தார். முழங்கை வரை வெள்ளி நிறத்தில் மருந்துப் பொடி. அம்மாவை வண்டியில் கூட்டிப்போக வந்திருந்தாள் முத்துமாரி. கையேட்டைக் காட்டினேன். குருவம்மா படத்தைப் பார்த்து, "சேல நல்லா விழுந்திருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். முத்துமாரி அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"மறுபடியும் எழுதிப் போடுவோமா?" என்று கேட்டேன்.

"போடலாம் மாமா. கேட்டுட்டேன். அடுத்த ரவுண்டு தீபாவளி கழிஞ்சுதான் வாங்குவாகளாம்."

சீசன் ஆர்டர் குவிந்துவிட்டது. அன்று மேலக்காற்று வேறு, உதடு வெடிக்கிற அளவுக்கு உலர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குருவம்மாதான் ஆறுதல் சொன்னார்.

"அதுக்கு ஏன் தாயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அது வரைக்கும் நாங்க பாத்துக் கலக்கிக்கிறோம்."