கிட்டத்து வெடி

நாங்கள் குடியேறிய லாசால் நகரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, காட்டோரத்தில் காருக்குள் மகளோடு காத்திருந்தேன். என் கணவர் மலிவாக வாங்கிய துவக்கோடு மான் வேட்டைக்குப் போயிருந்தார். குழல் வாயால் வெடிமருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் துவக்கு. ஊரில் இடியன் என்போம். பொழுதுபடும் நேரம் கிட்டத்தில் ஒரு வெடி கேட்டது.

"அம்மா, பப்பாக்கு மான் கிடைச்சிட்டுது."

"இல்லைப் பிள்ளை, வெறுங்கையோட வாறார்."

மன்னாரில் அப்பாவிடமும் இடியன் இருந்தது. இடித்த மருந்தைத் திரும்ப வெளியே எடுப்பது பெரிய கரைச்சல். அதனால் ஒன்றும் அகப்படாத நாளில், ஊர் எல்லைக்கு வந்ததும் நிலத்தில் சுட்டுக் குழலை வெறுமையாக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தூரத்து வெடி என்றால் இறைச்சி. கிட்டத்து வெடி என்றால் பருப்பு.

தூரத்து வெடிக்கு நாங்கள் துள்ளுவோம். அம்மா மட்டும் காட்டுப் பக்கம் பார்த்தபடி வாசலை விட்டு அசையமாட்டார். கிட்டத்து வெடி கேட்டால்தான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போவார். இறைச்சி இல்லாததற்கு யாராவது ஆண்டவருக்கு நன்றி சொல்வார்களா என்று எனக்குக் கோபம் வரும்.

மரங்களுக்கிடையே அவரின் செம்மஞ்சள் வேட்டை மேலங்கி நடந்து வருவது தெரிந்தது. மகளின் முகம் தொங்கிப்போயிற்று. சிலுவை அடையாளம் போட என் கை தானாக நெற்றிக்குப் போனது.